பனிக்கால வழிப்பயணமும் சரக்குப் பாதுகாப்பும்

கார்த்திகை பிறந்துவிட்டால் நமது சங்கங்களில் இருவகை முறையீடுகள் எழுவது வழக்கம். பாவு ஈரம் வாங்கித் தொய்கிறது, தறிக்குழியில் நீர் ஊறுகிறது, குறித்த நாளில் சேலையைக் கொண்டுவந்து ஒப்படைக்க இயலவில்லை என்பது நெசவாளர் அங்கத்தினர்களின் முறையீடு. அறுத்த கதிரை உலர்த்த இடமில்லை, விளைபொருளை ஏற்றிவர மலைச்சாலையில் வண்டி கிடைப்பதில்லை என்பது பயிர்த்தொழில் செய்யும் அங்கத்தினர்களின் முறையீடு. இவ்விரண்டும் வெவ்வேறு குறைகளாகத் தோன்றினும், இரண்டிற்கும் காரணம் ஒரே பருவம். இரண்டும் வந்து சந்திக்கும் இடமும் ஒன்றே. அவ்விடம் சாலை. ஆகவே இப்பருவத்தில் சரக்கையும், அதைவிட மேலாக உயிரையும் காத்துக்கொள்ளும் முறைகளை இக்கட்டுரையில் ஒருவாறு தொகுத்துக் கூற விரும்புகின்றோம்.

பனி என்னும் ஒரு சொல்

தமிழில் பனி என்னும் சொல் பல பொருள்களைத் தாங்கி நிற்கிறது. புல் நுனியில் நிற்கும் துளியும் பனி. விடியலில் கண்ணை மறைக்கும் புகை போன்றதும் பனி. இமயத்தின் மேல் வெள்ளையாகக் கிடப்பதும் பனி. நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தபோது மார்கழி, தை மாதங்களை முன்பனி என்றும், மாசி, பங்குனி மாதங்களைப் பின்பனி என்றும் வைத்தனர். இவற்றில் நம்மைப் பாதிப்பது எது என்று தெளிந்து கொண்டால்தான் தக்க காப்பைத் தேட முடியும்.

இரவில் வானம் தெளிந்து காற்று அடங்கி இருக்கும்போது நிலம் தன் வெப்பத்தை விரைவில் இழந்து குளிர்கிறது. நிலத்தை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் முன்போல் நீராவியைத் தாங்க இயலாது. மிகுதியான நீராவி இலையிலும் கூரையிலும் துளியாகப் படிந்தால் அது பனித்துளி. காற்றிலேயே நுண்துளிகளாகத் தங்கிவிட்டால் அது மூடுபனி. இலையின் வெப்பநிலை நீர் உறையும் நிலைக்குக் கீழே இறங்கி, படிந்த ஈரம் கட்டியாகிவிட்டால் அது உறைபனி.

உறைபனியைக் காண நாம் நீலகிரிக்குச் செல்ல வேண்டும். உதகமண்டலத்தை அடுத்த தலைகுந்தா, காந்தல் முதலிய பள்ளமான இடங்களில் மார்கழி, தை மாதங்களில் புல்வெளி விடியலில் வெள்ளை வெளேரென்று கிடக்கும். தேயிலைக் கொழுந்து கருகும். காய்கறிச் செடிகள் வாடும். அங்குள்ள விவசாயிகள் இளஞ்செடிகளின் மேல் காய்ந்த புல்லையும் தழையையும் மூடுவார்கள். விடியலில் நீர் தெளிப்பவர்களும் உண்டு. குளிருக்கு நீர் தெளிப்பதா என்று வியப்புத் தோன்றலாம். ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளியிடுகிறது. அவ்வெப்பமே இலையைக் கருகாமல் காக்கிறது.

சந்தவாசல் பகுதியில் உறைபனி இல்லை. ஆயினும் நமது ஊர் ஜவ்வாது மலையின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டியது. படவேட்டைச் சுற்றிய வாழைத் தோட்டங்களும், நெல் வயல்களும், ஏரிகளும், கமண்டல நாகநதியின் கரைகளும் ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து கிடக்கும்போது, மழை விட்டு வானம் தெளிந்தவுடன் மூடுபனிக்கு வேண்டிய யாவும் இங்கே ஆயத்தமாக உள்ளன. காற்று இல்லாத பள்ளங்களில் அது தங்கும். வெயில் ஏறி எட்டு, ஒன்பது மணி ஆனபின்னரே கலையும். நம்மவர் சாலையில் இறங்குவதோ நான்கு, ஐந்து மணிக்கு. ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

தறிவீட்டில் ஈரம்

சாலைக்குச் செல்லும் முன் தறிவீட்டைக் கவனிப்போம். பட்டு ஈரத்தை விரும்பி உண்ணும் இழை. நூறு பங்கு உலர்ந்த பட்டு, நடுத்தரமான காற்றில் பதினொரு பங்கு ஈரத்தைத் தன்னுள் கொள்ளும் என்பது வணிகர் ஒப்புக்கொண்ட அளவு. அடைமழை நாளில் இது மிகும். முப்பது பங்கு வரை ஏறினாலும் தொட்டுப் பார்ப்பவர் கைக்கு நனைந்ததாகத் தெரியாது. இதனால் விளையும் இரண்டு சங்கடங்களை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

முதலாவது, நிறை பற்றியது. சங்கத்தில் பட்டை நிறுத்துக் கொடுத்துச் சேலையை நிறுத்து வாங்குகிறோம். ஈரமான நாளில் வாங்கிய பட்டு வறண்ட நாளில் சேலையாகத் திரும்பினால் நிறை குறையக் காணும். அதற்காக நெசவாளரின் நேர்மையை ஐயுறுவது தவறு. வழங்கும் நாளிலும் வாங்கும் நாளிலும் வானிலை எவ்வாறிருந்தது என்று கணக்கர் பேரேட்டின் ஓரத்தில் ஒரு சொல் குறித்து வைத்தால் பல வழக்குகள் எழாமலே போகும். இரண்டாவது, வலிமை பற்றியது. நனைந்த பட்டு தன் வலிமையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கை இழக்கிறது. ஆகவே அடைமழை நாளில் பாவை மிக முறுக்கி இழுத்து வைத்தல் ஆகாது.

ஜரிகைக்கு ஈரம் பகை. வெள்ளி, காற்றிலுள்ள கந்தகத்தோடு ஈரத்தின் துணையால் கூடிக் கறுக்கிறது. செம்பு கலந்த ஜரிகை இன்னும் விரைவாகக் கெடும். ஜரிகைக் கண்டுகளை ரப்பர் பொருள்களோடும் கம்பளித் துணியோடும் சேர்த்து வைக்காமல், வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். ஜக்கார்டு அட்டைகளும் ஈரத்தில் உப்பும். துளை சிறிது மாறினாலும் கொடி தவறி விழும். நெய்யாத நேரத்தில் அட்டைத் தொடரை மூடி வைப்பது சிறிய வேலை, பயனோ பெரிது.

ஈரத்தைப் போக்கும் பொருட்டுச் சிலர் கரி அடுப்பைத் தறியறைக்குள் வைத்துக் கதவை அடைத்துக்கொள்வதுண்டு. இதை அறவே விலக்க வேண்டும். கரி எரியும்போது எழும் கரிவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குகிறவர் உறக்கத்திலேயே மாண்டுபோவார். குழித்தறியில் நீர் ஊறிய நிலையில், நனைந்த கையோடு மின்விளக்குச் சுவிட்சைத் தொடுவதும் அத்தகையதே. மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் கருவியை ஒவ்வொரு தறிவீட்டிலும் பொருத்திக்கொள்வது இன்று கட்டாயத் தேவை.

எவ்வளவு தூரத்தில் வண்டி நிற்கும்?

இனிச் சாலைக்கு வருவோம். 2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர் என மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். நம் அங்கத்தினர்களில் பெரும்பாலோர் ஏறுவது அவ்வண்டியில்தான்.

நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடிக்குப் பதினொரு மீட்டர் ஓடுகிறது. எதிரே ஒன்றைக் கண்டு கை தடையைப் பிடிக்க ஒரு விநாடி ஆகும் எனக் கொள்வோம். அதன்பின் வறண்ட சாலையில் நிற்க ஒன்பது மீட்டரும், நனைந்த சாலையில் பதினாறு மீட்டரும் வேண்டும். கூட்டிப் பார்த்தால் வறட்சியில் இருபது, ஈரத்தில் இருபத்தேழு. வேகம் அறுபதானால் இவ்வெண்கள் முப்பத்தேழாகவும் ஐம்பத்திரண்டாகவும் பெருகும். டயர் தேய்ந்திருந்தால் இதற்கும் மேலாகும்.

காஷ்மீரத்தில் டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாள் கடுங்குளிர் நிலவும். அக்காலத்தில் ஜம்முவிலிருந்து ஸ்ரீநகர் செல்லும் நெடுஞ்சாலையில் இரவில் கசிந்த நீர் கண்ணாடி போல் உறைந்துவிடும். தார் நிறமே தெரிவதால் ஓட்டுநர் அதை வெறும் ஈரம் என்று எண்ணி ஏமாறுவார். அதன்மேல் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நிற்க எழுபத்து நான்கு மீட்டர் வேண்டும். அங்கே சாலையில் உப்புத் தூவுகிறார்கள். சக்கரத்தில் சங்கிலி பூட்டுகிறார்கள். அரசு அனுமதிக்கும் வரை வண்டியை எடுக்காமல் காத்திருக்கிறார்கள். இம்மூன்றில் முதலிரண்டும் நமக்கு வேண்டியதில்லை. மூன்றாவது, அதாவது காத்திருத்தல், நமக்கும் மிகவும் வேண்டியது.

மூடுபனியில் கண்ணுக்கு எட்டும் தூரம் ஆயிரம் மீட்டருக்குக் குறைந்தாலே அது வானிலைத் துறையின் கணக்கில் மூடுபனி. இருநூறு மீட்டருக்குக் குறைந்தால் அடர்ந்தது. ஐம்பதுக்குக் குறைந்தால் மிக அடர்ந்தது. ஐம்பது மீட்டரே தெரியும்போது இருவர் எதிரெதிரே அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், ஒருவரையொருவர் கண்ட ஒன்றரை விநாடியில் மோதிக்கொள்வர். நாற்பதில் வந்தாலும் தப்ப முடியாது; இருவரும் நிற்க இருபத்தேழும் இருபத்தேழுமாக ஐம்பத்து நான்கு மீட்டர் வேண்டும், இருப்பதோ ஐம்பது. முப்பதில் வந்தால் ஆளுக்குப் பதினேழு மீட்டர் போதும். இடையே பதினாறு மீட்டர் மிஞ்சும். அந்தப் பதினாறு மீட்டரில்தான் இரண்டு குடும்பங்களின் வாழ்வு அடங்கியிருக்கிறது.

விளக்கைத் தாழ்த்தி எரிக்க வேண்டும். உயர்த்தினால் பனித்துளிகளில் ஒளி பட்டுத் திரும்பி நம் கண்ணையே கூசச் செய்யும். சாலையின் இடப்பக்க வெள்ளைக் கோட்டைப் பார்த்துச் செல்வது நலம். முன் வண்டியின் சிவப்பு விளக்கையே வழிகாட்டியாக எண்ணிப் பின்தொடரலாகாது. நிற்க நேர்ந்தால் தார்ச்சாலையை விட்டு முற்றும் இறங்கி நிற்க வேண்டும். சைக்கிளுக்கும், மாட்டு வண்டிக்கும், ஆலைக்குக் கரும்பேற்றிச் செல்லும் டிராக்டர்ப் பெட்டிக்கும் பின்புறத்தில் ஒளி திருப்பும் பட்டை ஒட்டியிருத்தல் இன்றியமையாதது. கார்த்திகையில் திருவண்ணாமலை தீபத்திற்கும், மார்கழியில் சபரிமலைக்கும் மேல்மருவத்தூருக்கும் விடியுமுன் நடந்து செல்லும் அடியார்கள் பலர். அவர்கள் தோளில் ஒரு வெள்ளைத் துண்டு கிடந்தாலும் அது காப்பே.

சாலையா, களமா?

இங்கே நம் இருசாராரையும் ஒருங்கே தொடும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்ற தை மாதத்தில் நாம் தணிக்கைக்குச் சென்ற சங்கம் ஒன்றில், ஒப்படைக்க வந்த சேலை ஒன்றின் முந்தானையில் சேறும் கிழிசலும் கண்டோம். விசாரித்தபோது, அதை நெய்த அங்கத்தினர் விடியற்காலையில் வண்டியில் வரும்போது சாலையில் பரப்பியிருந்த கொள்ளுச் செடியின் மேல் சக்கரம் வழுக்கி விழுந்தார் என்றும், முழங்கை எலும்பு முறிந்து படுத்திருக்கிறார் என்றும், சேலையை அவர் மனைவி எடுத்து வந்தார் என்றும் அறிந்தோம். கொள்ளைப் பரப்பியவர் பக்கத்து ஊர் வேளாண்மைக் கடன் சங்கத்தின் அங்கத்தினர், விழுந்தவருக்கு உறவினருங்கூட. இருவரும் ஒருவரையொருவர் குறை கூறவில்லை. "அவருக்கும் வேறு இடம் ஏதுங்க?" என்று அவ்வம்மையார் கேட்ட கேள்விக்கு நம்மிடம் உடனே விடை இல்லை.

கேள்வி நியாயமானது. ஊர்ப் பொதுக் களங்கள் பல இடங்களில் சுருங்கிவிட்டன. தார்ச்சாலை சூடானது, தூய்மையானது, போகும் வண்டிகளே கதிரை மிதித்துக் கொடுக்கின்றன. எனினும், பனியில் நனைந்த தாளும் செடியும் சக்கரத்திற்கு எண்ணெய் தடவிய பலகைக்கு ஒப்பாகும். இரவில் குவித்துக் கறுப்புத் தார்ப்பாயால் மூடி, காற்றில் பறக்காதிருக்கச் சுற்றிலும் கல் வைத்துச் செல்லும் குவியல், பனியில் கண்ணுக்கே தெரியாது. பொது வழியில் இடையூறு விளைவிப்பதற்கு 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 285ஆம் பிரிவில் ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் அபராதத்தால் மட்டும் கதிர் உலராது.

இதற்குத் தக்க வழி, கூட்டுறவே. சங்கத்துக்கோ ஊராட்சிக்கோ உரிய இடத்தில் சிமெண்டு உலர்களம் அமைக்குமாறு நிர்வாகக் குழுவும் ஊராட்சி மன்றமும் சேர்ந்து தீர்மானம் நிறைவேற்றி அனுப்ப வேண்டும். களம் அமையும் வரையில் மூன்று ஒழுங்குகளை ஊரார் தமக்குள் ஏற்படுத்திக் கொள்ளலாம். வளைவிலும், பாலத்திலும், நெடுஞ்சாலையிலும் பரப்புவதில்லை. பரப்பியதை மாலை ஐந்து மணிக்குள் சாலையை விட்டு முற்றும் அப்புறப்படுத்துவது. கல்லுக்குப் பதிலாக மண் நிரப்பிய வெள்ளைச் சாக்கை வைப்பது.

மலைச்சாலையும் வெள்ளமும்

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் வழியில் சாமை, தினை, புளி, தேன் ஆகியவற்றை ஏற்றி இறங்கும் அங்கத்தினர்கள் வேறு சில விதிகளைப் போற்ற வேண்டும். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும். தடையையே நம்பி இறங்கினால் அது காய்ந்து பிடிப்பை இழக்கும். குறுகிய இடத்தில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றலாகாது. 2022 ஏப்ரலில் ஜவ்வாது மலையின் திருப்பத்தூர் மாவட்டப் பகுதியில் கோயிலுக்குச் சென்றவர்களை ஏற்றிய சிறு சரக்கு வண்டி பள்ளத்தில் கவிழ்ந்து பதினொரு பேர் மாண்டனர். அன்று பனியும் இல்லை, மழைக்காலமும் அன்று. பனிக்காலத்தில் அபாயம் எவ்வளவு கூடும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயலை நம் மாவட்டத்தார் மறக்க இயலாது. மறுநாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஏற்பட்டு ஏழு பேர் புதையுண்டு இறந்தனர். சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒரு இலட்சத்து அறுபதாயிரம் கன அடிக்கு மேல் நீர் வெளியேற்றப்பட்டு, தென்பெண்ணையில் அகரம்பள்ளிப்பட்டையும் தொண்டமானூரையும் இணைத்த, கட்டி முடித்துச் சில மாதங்களே ஆன உயர்மட்டப் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. புதிய பாலத்திற்கே அக்கதி எனில், நம் ஓடைகளின் தரைப்பாலத்தை நம்பலாமா? முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் ஆழமே உள்ள வேகநீர் ஆளைத் தள்ளிவிடும். ஒன்றரைச் சாண் நீர் சிறு காரையே மிதக்கச் செய்யும். நீர் வடியும் வரை காத்திருப்பவருக்கு ஒரு நாள் கூலி நஷ்டம், அவ்வளவே.

சங்கம் செய்யத்தக்கன

அந்த ஒரு நாள் கூலியே நெசவாளருக்குப் பெரிது என்பதை நாம் அறிவோம். இருட்டில் புறப்படுவது விருப்பத்தால் அன்று. பகலில் தறியை விட்டால் வேலை கெடும் என்னும் அச்சத்தாலேயே. ஆகவே பொறுப்பை அங்கத்தினர் தலையில் மட்டும் சுமத்துவது நீதியாகாது. கார்த்திகை முதல் தை முடிய, சேலை வாங்கும் நேரத்தைக் காலை பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். வாரத்திற்கு ஒரு நாள் குறித்து ஊர் ஊராகச் சங்கத்தின் ஆளே சென்று சேலையை வாங்கிப் பாவும் ஊடையும் கொடுத்து வரலாம். அடைமழையால் தாமதமான சேலைக்குப் பிடித்தம் செய்வதில்லை எனத் தீர்மானம் எழுதலாம். இவற்றுக்காகும் செலவு சிறிது. ஒரு சேலை பழுதாவதால் வரும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் உண்மை விளங்கும்.

சேலையை எடுத்துவரும் முறையும் முக்கியம். முதலில் வெளுத்த பருத்தித் துணி, அதன்மேல் பிளாஸ்டிக் உறை, அதற்கும் மேல் முதுகில் மாட்டும் பை. கைப்பிடியில் தொங்கவிடக் கூடாது. சேர்ந்தவுடன் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட வேண்டும். உள்ளே வியர்த்த ஈரம் ஜரிகையைக் கெடுக்கும்.

இறுதியாக, விபத்துக் காப்பீடு. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா என்னும் திட்டத்தில் ஆண்டுக்கு இருபது ரூபாய் செலுத்தினால் விபத்தில் உயிரிழப்புக்கும் முழு ஊனத்துக்கும் இரண்டு இலட்ச ரூபாய் கிடைக்கும். பதினெட்டு முதல் எழுபது வயது வரையுள்ள, வங்கிக் கணக்குடைய எவரும் சேரலாம். ஆண்டு, ஜூன் முதல் நாள் தொடங்கி மே இறுதியில் முடியும். அத்தேதியில் கணக்கில் இருபது ரூபாய் இல்லாமல் போய்க் காப்பீடு நின்றுவிட்டவர்கள் பலர். காரியதரிசிகள் மே மாதத்தில் அங்கத்தினர்களின் பாஸ் புத்தகங்களை ஒருமுறை பார்த்துக் கொடுப்பது பெரிய தொண்டாகும். தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், விபத்துக்குள்ளானவருக்கு முதல் நாற்பத்தெட்டு மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. ஆகவே பணத்தை எண்ணி யாரும் தயங்க வேண்டாம். 108க்குச் செய்தி சொல்ல வேண்டும். அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்த்தவரை வழக்கில் இழுப்பார்கள் என்னும் பழைய அச்சமும் இனி வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 134-ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பளிக்கிறது.

கூட்டுறவு என்பது கடன் வாங்குவதற்கும் சரக்கு விற்பதற்கும் மட்டும் ஏற்பட்டதன்று. ஒருவர் பரப்பிய கதிரில் மற்றொருவர் விழாதிருக்கச் செய்வதும் கூட்டுறவே. அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் உலர்களம், சேலை வாங்கும் நேரம், விபத்துக் காப்பீடு ஆகிய மூன்றையும் சேர்க்குமாறு எல்லாச் சங்கங்களையும் கேட்டுக்கொள்கின்றோம். பனிக்கு முன்னே தீர்மானம் வந்தால், பனிக்காலம் முடியும்போது அங்கத்தினர் பட்டியலில் ஒரு பெயரும் குறையாதிருக்கும்.